நிக்குமா டீச்சர் வாங்கிய கார்

சித்தூரில் ஓடுகிற கார்களில் பாதியை வழிமறித்து நலம் விசாரித்தவர் எங்கள் நிக்குமா டீச்சர். மீதிப் பாதி தப்பித்ததற்கு ஒரே காரணம், அவருக்கு நடுவில் பள்ளிக்கூடம் இருந்தது.

அப்பா அம்மா வைத்த அழகான பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆனால் நானும் அவரும் வேலை பார்த்த பள்ளியில் வாட்ச்மேன் முதல் ஹெட்மாஸ்டர் வரை யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. யாருடைய கார் வந்து நின்றாலும் கண்ணாடியைத் தட்டி, "இது வழியில நிக்குமா?" என்று கேட்பார். அதுவே பெயராகிவிட்டது. ஒருமுறை ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரியின் காரையும் தட்டினார். தெலுங்குக்காரரான அதிகாரி, வண்டி வழியில் நிற்கிறது என்று புகார் சொல்வதாக நினைத்துக்கொண்டு, டிரைவரிடம் மரத்தடிக்கு நகர்த்தச் சொன்னார். டீச்சர் கூடவே நடந்துபோய், "அது இல்ல சாரு. மழையில, மேட்டுல, அவசரத்துல நின்னுடுமான்னு கேட்டுகினு கீறேன்" என்றார். ஹெட்மாஸ்டர் முகத்தில் ரத்தமே இல்லை.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மாங்காய் டிராக்டர் இருந்தது.

டீச்சரின் கணவர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். சாது. ஒரு மத்தியானம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. டீச்சர் அவரை வீட்டில் இருந்த பழைய காரில் ஏற்றிக்கொண்டு திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். பூதலப்பட்டு தாண்டியதும் வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. கொளுத்துகிற வெயில். கைகாட்டியும் எந்தக் காரும் நிற்கவில்லை. நின்றது, சித்தூர் ஜூஸ் ஃபாக்டரிக்கு மாங்காய் ஏற்றிப் போன டிராக்டர் ஒன்றுதான். கணவரை மாங்காய்க் குவியல் மேல் படுக்கவைத்து, உருண்டுவிடாமல் தானும் ஏறிப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே சித்தூருக்குத் திரும்பினார். உடம்பெல்லாம் மாங்காய்ப் பால் ஒட்டிக் கிடந்தவரைப் பார்த்த டாக்டர் முதலில் தோல் வியாதி என்று நினைத்தாராம்.

அவர் பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம், இது மறுபடியும் வரலாம், திருப்பதிக்கு அடிக்கடி போய்க் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அந்த வாரமே பழைய கார் காயலான் கடைக்குப் போனது. டீச்சர் புது கார் தேடப் புறப்பட்டார். எனக்கும் கார் வாங்குகிற ஆசை இருந்ததால் துணைக்கு என்னை இழுத்துக்கொண்டார்.

முதல் ஷோரூமில் விற்பனைப் பையன் கூரைக் கண்ணாடியைத் திறந்து காட்டினான். "வானம் தெரியும் மேடம்."

"வானம் எங்க வூட்டு மாடியிலயே தெரியும். வண்டி நிக்குமா?"

"ரிலயபிலிட்டியில நாங்கதான் நம்பர் ஒன் மேடம்."

அடுத்த ஷோரூமிலும் அவர்கள்தான் நம்பர் ஒன். அதற்கடுத்த ஷோரூமிலும். அங்கே டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "எல்லாரும் நம்பர் ஒன்னுன்னா ரெண்டாவது யாரு? அதச் சொல்லு, அத வாங்கிக்கிறேன்." பையன் ஓடிப்போய் மேனேஜரை அழைத்து வந்தான்.

டீச்சர் மேனேஜரிடம், "உங்க நைனா எந்த வண்டியில போறாரு?" என்று கேட்டார்.

மேனேஜர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி வேறு கம்பெனி பெயரைச் சொன்னார்.

"அவரு நம்பர் குடு."

நான் திடுக்கிட்டேன். அதைவிட, மேனேஜர் கொடுத்துவிட்டதுதான் பெரிய அதிர்ச்சி. டீச்சர் அங்கேயே மேனேஜரின் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, கிளட்ச் முதல் கியர் வரை விசாரித்தார். பேச்சு எங்கேயோ திரும்பியது. போனை வைத்ததும் மேனேஜரைப் பார்த்து, "வண்டி நல்லாத்தான் கீதாம். ஆனா அவருக்கு முட்டி வலியாம். நீ வந்து பாத்தே மாசக்கணக்காச்சாமே" என்றார். எங்களை வழியனுப்பக்கூட அந்த மேனேஜர் எழுந்திருக்கவில்லை.

பிறகு மெக்கானிக் ஷெட். அங்கே ஒருவர் ஒரு கம்பெனி வண்டியை மனதாரப் புகழ்ந்தார். டீச்சர் வெளியே வந்ததும் அந்தக் கம்பெனியைத் தள்ளிவிட்டார். "வண்டியே கெடாதுன்னா அவரு எப்படித் துன்னுவாரு? மெக்கானிக்குக்குப் புடிச்ச வண்டி நமக்கு ஆகாது சாரு."

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. எல்லாக் கம்பெனி வண்டியும் ஓர் இடத்துக்கு வருகிறது, எல்லாம் ஒரே மேட்டில் ஏறுகிறது. அலிபிரி. திருமலைக்குப் போகிற கார்களைச் சோதனை போடுகிற இடம். ஒரு சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறித் திருப்பதி போனோம்.

சோதனைக்காக ஜனங்கள் இறங்கி நிற்க வேண்டும் என்பதால் டீச்சருக்கு வேட்டை சுலபமாக இருந்தது. தெலுங்குக்காரர்களிடம், "ஏமண்டி, மீ பண்டி தாரிலோ ஆகிப்போத்துந்தா?" என்பார். தமிழர்களிடம் அதே பழைய கேள்வி, தமிழில். கன்னடக்காரர்களிடம் கையாலேயே கேட்டார். சேலத்தில் இருந்து வந்த ஒரு குடும்பத் தலைவர், பன்னிரண்டு வருடமாக ஒருநாளும் நிற்காத வண்டி என்று மார்தட்டினார். டீச்சர் நம்பவில்லை. அவர் விளையாட்டாக, "வேணும்னா ஏறி வந்து பாருங்கம்மா" என்றார்.

டீச்சர் கைப்பையை என்னிடம் கொடுத்தார். "இதப் புடி சாரு." அவ்வளவுதான். கதவு மூடியது, கார் மலைக்குப் போய்விட்டது.

பைக்குள் அவர் போன் அடித்தது. அவருடைய கணவர்.

"டீச்சர் எங்கப்பா?"

இதய நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தையைத் தேடிப் பிடித்தேன். "மலைக்குப் போயிருக்காங்க சார்."

"யாரோட?"

"தெரியல சார். சேலத்துக்காரங்க."

"சரி, நீ எதாவது துன்னியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பொம்பளை கைப்பையுடன் வெகுநேரம் நின்ற என்னைக் கான்ஸ்டபிள் ஒருவர் இரண்டு தடவை வந்து விசாரித்தார். உண்மையைச் சொன்னேன். அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது.

சாயங்காலம் மொட்டைத் தலையுடன் ஓர் அம்மாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நகர்ந்து இடம் விட்டேன். "இன்னா சாரு, பையக் குடு" என்றார்.

டீச்சர்தான். டீச்சரின் பின்னல் பள்ளியில் பிரசித்தம். இடுப்புக்குக் கீழே தொங்கும். புதுசாகச் சேரும் டீச்சர்கள் எண்ணெய் என்ன என்று கேட்டுப் போவார்கள். இப்போது அங்கே சந்தனம் மட்டும் இருந்தது.

"மேட்டுல அந்த வண்டி மூச்சே வாங்கல சாரு. அதான் வாங்கப் போறேன்" என்றார். பிறகு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, "மேல போனதும் மாங்கா மேல அவரு கெடந்தது ஞாபகத்துக்கு வந்துச்சு. சும்மா எறங்கி வர மனசு வரல" என்றார்.

அதே கம்பெனி, அதே மாடல், புதுசு. வண்டியை எடுத்த அன்று டீச்சர் ஓட்டினார், பக்கத்தில் கணவர். நான் பின்னால் பைக்கில் போனேன். ஷோரூமில் இருந்து இரண்டாவது சிக்னலில் கார் நின்றுவிட்டது.

டீச்சர் இறங்கினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. சாமியே ஏமாற்றிவிட்டது போல நின்றார். பின்னால் பஸ்களும் ஆட்டோக்களும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். பெட்ரோல் முள் கீழே படுத்திருந்தது. ஊர் உலகத்துக் கார்களையெல்லாம் விசாரித்தவருக்கு, சொந்த வண்டிக்குப் பெட்ரோல் போடத் தோன்றவில்லை.

உள்ளே கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். டீச்சர் பதறி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தார். "இன்னா பண்ணுது, இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் இல்லடி. சிரிச்சுகினு கீறேன்."

நோய் வந்தபிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். டீச்சர் நடுரோட்டில் அழுதார். அப்புறம், பெட்ரோல் வாங்கி வர என்னை விரட்டினார்.

நான் இன்னும் கார் வாங்கவில்லை. பேச்செடுத்தால், "எங்கிட்ட ஒண்ணு கீதே, ஒனக்கு எதுக்கு?" என்பார். போன மழைக்காலத்தில் என் மனைவிக்கு டெங்கு வந்து ரத்தத் தட்டணுக்கள் இறங்கிவிட்டன. திருப்பதிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆட்டோ பிடிக்க வாசலுக்கு வந்தேன். யார் சொன்னார்களோ, டீச்சரின் கார் நின்றுகொண்டிருந்தது. பின் சீட்டில் தலையணையும் போர்வையும் விரித்திருந்தார். "ஏத்து" என்றார்.

வழி நெடுக ஒவ்வொரு பள்ளத்திலும் வேகத்தைக் குறைத்து, என் மனைவியின் தலை குலுங்காமல் ஓட்டிக்கொண்டு போனார்.