பன்னிரண்டரை அடி மதில்

‘நிஸ்மியாவின் கதவுகள் ஒரு விரலால் தொட்டாலே திறக்கின்றன. என்னுடையது தோளால் இடித்தாலும் அசையாது. கதவுகூட ஆள் பார்த்துத்தான் திறக்குமோ?’

றம்லா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நேரமும் அதுவல்ல. பூட்டே போடாத அந்தக் கதவுக்கு உள்ளே, இந்தப் பருவத்தின் முதல் விருந்தாளியான ஜெர்மன்காரப் பெண் சிக்கியிருந்தாள். வெளியே ஜௌபர் பாஸ் உளியும் சுத்தியலுமாக நின்றார். ஆலங்குடாவில் பாதி வீடுகளைக் கட்டிய மேசன் அவர். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் சுற்றுலாப் பயணிகளுக்கான இந்தச் சின்ன வாடகை வீட்டைக் கட்டியதும் அவர்தான்.

“உள்ளுக்கிருந்து இழுக்கச் சொல்லுங்க ராத்தா.”

“அவட பாஷையில இழுங்கண்டு எப்பிடிச் சொல்ற?”

“கையால காட்டுங்க.”

“மூடின கதவுக்கு இஞ்சால நிண்டு கையக் காட்டினா யாருக்கு பாஸ் தெரியும்?”

கடைசியில் யன்னல் வழியாக முதலில், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் பலகை வந்தது. பிறகு பை வந்தது. பிறகு ஜெர்மன்காரி வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள் என்பது றம்லாவுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மதிலைச் சுற்றி, நேராகத் தங்கச்சி நிஸ்மியாவின் வளவுக்குள் நுழைந்தபோது அந்த ஆறுதல் கருகிப்போனது.

கதவு திறந்திருந்தால் போயிருப்பாளா? போயிருப்பாள். எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். அங்கே மூன்று வீடுகள். மூன்றும் குட்டையாக, கிடுகுக் கூரை கலையாமல், பாய் விரித்து உட்கார்ந்த பெண்களைப்போல இருக்கும். வெளியே போட்ட மேசையின் விரிப்புக்கூட அசையாது. இந்தப் பக்கமோ, றம்லா காயப்போடும் விரிப்புகளைக் கடலிலிருந்து வீசும் சோளகக் காற்று கொடியிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் மதிலில் அறையும். காற்றிலும் ஓரவஞ்சனை.

தனக்கு இருப்பது பொறாமை என்று றம்லா ஒருநாளும் நினைத்ததில்லை. பொறாமை மற்றவர்களுக்கு வருவது. தனக்கு இருந்தது நியாயம் பற்றிய ஒரு கவலை. அந்தக் கவலை காலையில் அவளுக்கு முன்பே எழும்பிவிடும். முகம் கழுவுவதற்கு முன், நிஸ்மியாவின் கொடியில் எத்தனை விரிப்புகள் காய்கின்றன என்று எண்ணச் சொல்லும்.

காணி பிரித்தபோதும் இப்படித்தான். “ராத்தா கடல் பக்கம் எடுத்திராதீங்க, அங்க காத்துக்கு இருக்கேலாது,” என்றாள் நிஸ்மியா. தனக்கு வேண்டியதால்தானே சொல்கிறாள்? றம்லா அந்த நிமிடமே கடல் பக்கத்தைக் கேட்டு வாங்கினாள். பின்பக்கம் நிஸ்மியாவுக்குப் போனது. நான்கு வருடத்துக்கு முன் நிஸ்மியா அங்கே வீடுகளைக் கட்டி, தன் காணிக்கு மேலாகக் கடலை இலவசமாகக் காட்டி ஆட்களை வரவழைத்தபோதுதான், றம்லாவுக்கு மதில் தேவைப்பட்டது.

முதலில் ஆறடி. “ஆறு அடி பரவாயில்ல ராத்தா. கதிரையில ஏறி நிண்டா கொஞ்சம் கடல் தெரியுது. இனி ஏத்திராதீங்க,” என்றாள் நிஸ்மியா. அடுத்த கிழமை எட்டடி. “ராத்தா, மேசையில கதிரையப் போட்டு ஏறினாத்தான் தெரியுது. இதோட விட்டுருங்க.” பதினொரு அடி.

அந்த மதிலைப் பின்சுவராகச் சேர்த்துக்கொண்டுதான் றம்லாவின் வீடே எழும்பியது. ஒரு சுவரின் செலவு மிச்சம்.

“நீ வீடு கட்டிட்டு மதில் கட்டல்ல. மதிலுக்குக் காவல் இருக்க ஒரு கூடு கட்டியிருக்கிறாய்,” என்று அவளுடைய கணவர் நெய்னார் ஒருமுறை சொன்னார். அன்று அவருக்குத் தேத்தண்ணீர் பிந்தித்தான் கிடைத்தது.

ஜௌபர் பாஸ் கதவைக் கழற்றி அரை அங்குலம் சீவினார். கதவு திறந்தது. ஆனால் மூட முடியவில்லை. இரண்டு நாளில் அதன் ஒரு பக்கத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. அதனூடே காற்று உள்ளே வந்து, வெளியே போக வழியில்லாமல், மேலே எழும்பியது. தகரக் கூரை படபடவென்று அடித்தது.

“கூரை தூக்குது பாஸ்!”

“பாரம் வைக்கணும்.”

“கல்லு வைப்பமா?”

“கல்லு வடிவில்ல. டாங்கி வைப்பம். ஆயிரம் லீற்றர். தண்ணிக்குத் தண்ணியுமாச்சு, பாரத்துக்குப் பாரமுமாச்சு.”

யோசனை றம்லாவுக்குப் பிடித்தது. நிஸ்மியாவிடம் இருந்தது ஐந்நூறு லீற்றர்.

“முன்பக்கம் வைப்பமா, நடுவுலயா?”

“பின்பக்கம்,” என்றாள் றம்லா. “மதிலோட சேத்து. அங்கால இருந்து பாத்தாத் தெரியணும்.”

நீல டாங்கி மதிலுக்கு மேலே தலையை நீட்டி நின்றது. முதல் முறையாக அன்று றம்லா நிம்மதியாகச் சாப்பிட்டாள். நான்காம் நாள் யன்னலும் இறுகிக்கொண்டது. தரையில் வைத்த தேசிக்காய் தானாக உருண்டு நிஸ்மியாவின் பக்கச் சுவரோடு போய் நின்றது. வீட்டுக்கும், வீட்டைத் தாண்டி நீண்ட மதிலுக்கும் இடையில் ஒரு வெடிப்பு. முதலில் பல்லி நுழையுமளவு, பிறகு கை நுழையுமளவு.

வீடு பின்பக்கமாகச் சரிந்திருந்தது. ஊருக்குச் சொல்லவா வேண்டும்? “றம்லாட வீடும் அவவைப் போலத்தான், தங்கச்சிட வளவ எட்டிப் பாக்குது,” என்று மீன் வாங்குமிடத்தில் யாரோ சொன்னார்கள். யார் என்று நெய்னார் சொல்லவில்லை. சிரித்தபடி சொன்னதால், அவர்தானோ என்றும் றம்லாவுக்குச் சந்தேகம் இருந்தது.

அன்று பின்னேரம் நிஸ்மியாவே வந்தாள். அவளுக்குப் பின்னால், அவளிடம் சமைத்துத் துவைத்துக்கொடுக்கும் தலவில் ஊர் றோசமேரி, ஒரு தட்டில் தொதல் பலகாரத்துடன் வந்தாள். றோசமேரிக்கு மெதுவாகப் பேச வராது. இரைகிற கடலோரத்தில் வளர்ந்தவள்.

“ராத்தா, ஜெர்மன்காரி ஒங்களத்தான் கேட்டுட்டே இருக்கா. நல்ல மனுசியாம்,” என்றாள் நிஸ்மியா.

“நல்ல மனுசிய விட்டுட்டு ஒன்ட வீட்டுல என்ன செய்றாவாம்?”

நிஸ்மியா நிலத்தைப் பார்த்தாள். “டாங்கி வச்சது பரவாயில்ல ராத்தா. அது ஒங்கட தேவை. மதில மட்டும் இனி ஏத்திராதீங்க. ஏணியில ஏறினாத்தான் கடல் தெரியுது.”

தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதே றம்லா முடிவெடுத்துவிட்டாள். மறுநாள் இன்னும் இரண்டு வரி கல் ஏறியது. பன்னிரண்டரை அடி. ஏணியும் இனி உதவாது.

அந்த வெள்ளிக்கிழமை காற்று உண்மையாகவே வந்தது. மதில் முனகியது. கதவு தன் சட்டத்தோடு கழன்று முற்றத்தில் விழுந்தது. நெய்னார் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பாலாவியில் கட்டட வேலையொன்றைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியியலாளரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். யூஜினி, சிலாபத்துப் பெண். முப்பது வயதிருக்கும். இறங்கியதும் கதவைப் பார்க்கவில்லை. மதிலைப் பார்த்தாள். கீழிருந்து மேலே. பிறகு மேலிருந்து கீழே.

“இது எதுக்கு?”

“மதில்.”

“மதில் எண்டு தெரியுது. காத்துக்கா?”

“மரியாதைக்கு,” என்றாள் றம்லா.

யூஜினி ஜௌபர் பாஸின் பக்கம் திரும்பினாள். “ஆறங்குலக் கல்லு. இடையில தூண் போட்டீங்களா?”

“இடமில்ல மிஸ்.”

“கம்பி?”

“மேல போறதெண்டு எனக்கு முதலே சொல்லல்ல. கொஞ்சம் கொஞ்சமாத்தானே ஏத்தச் சொன்னாங்க.”

அவள் உடைந்த கொங்கிரீட் துண்டொன்றை எடுத்தாள். கூர்ந்து பார்த்தாள். பிறகு நாக்கின் நுனியில் வைத்தாள்.

“மிஸ்! அது சாப்பிடுறதில்ல!”

“உப்பு. கடல் மண்ணு போட்டிருக்கிறீங்க. போட்ட கொஞ்சக் கம்பியும் உள்ளுக்கயே துருப்பிடிச்சு ஊதியிருக்கும்.”

ஜௌபர் பாஸ் கடலைப் பார்த்தார். பிழை அதனுடையது என்பதுபோல.

“ராத்தா, கதவுல பிழையில்ல,” என்றாள் யூஜினி. “அங்க கடல்ல பொடியன்மார் பட்டத்தப் பிடிச்சிட்டு ஓடுறாங்களே, நீங்க கல்லால ஒரு பட்டம் கட்டி அதுல வீட்டக் கொழுவி வச்சிருக்கிறீங்க. காத்து மதிலத் தள்ளுது, மதில் வீட்ட இழுக்குது, கதவுச் சட்டம் கோணுது. போதாததுக்கு ஒரு தொன் தண்ணிய அந்தப் பக்கமே ஏத்தியிருக்கிறீங்க. கீழ இருக்கிறது வெறும் மணல்.”

“கூரை பறக்காம இருக்கத்தான்.”

“கூரைய மேலால அமத்துறதில்ல. கீழால பிடிக்கணும். அத்திவாரத்துல இருந்து கம்பி எடுத்து, செவருக்குள்ளால விட்டு, கூரை மரத்தோட கட்டணும். காத்து போக மேல வழியும் வைக்கணும்.” அவள் ஏணியின் உச்சிவரை ஏறி, டாங்கியில் கை ஊன்றி, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “அங்கால நல்ல அமைதியா இருக்கு. அந்த வீடுகளுக்கு இந்த மதில்—”

“அந்தப் பக்கத்தப் பத்திக் கதைக்க வாணாம் மிஸ்,” என்றாள் றம்லா. “என்ட வீட்டச் சொல்லுங்க.”

யூஜினி இறங்கி வந்தாள். வழி இரண்டு என்றாள். ஒன்று, டாங்கியை இறக்கிவிட்டு, வீட்டின் பின்சுவர் போக மற்ற மதிலை நான்கடிக்கு வெட்டுவது. இரண்டு நாள் வேலை. வீடு தப்பும். பக்கத்தில் இரண்டாவது வீட்டையும் சரியான முறையில் கட்டலாம். மற்றது, மதிலை அப்படியே வைத்துக்கொண்டு, ஆறடிக்கு ஒன்றாக அகலமான அத்திவாரத்தில் முட்டுத் தூண்கள் எழுப்புவது.

“முட்டு அந்தப் பக்கம் நிண்டாத்தான் நல்லம். ஆனா அது ஒங்கட காணியில்ல. இந்தப் பக்கம் எண்டா ரெண்டு மடங்கு அகலம் வேணும். அந்த இடம் முழுக்கப் போயிரும்.”

அவள் கைகாட்டிய இடத்தில், இரண்டாவது வீட்டுக்காக நான்கு குச்சிகள் நட்டு, நூல் கட்டியிருந்தது. ஆறு மாதமாக றம்லா காலையும் மாலையும் பார்த்துப் பார்த்து நடந்த நூல். யன்னல் எங்கே, கட்டில் எங்கே என்று மனதுக்குள் எத்தனை முறை மாற்றி வைத்திருப்பாள். மூன்றுக்கு ஒன்று என்பது கேவலம். மூன்றுக்கு இரண்டு என்றால் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

“வெட்டுங்க,” என்றாள்.

சொன்னதும் உடம்பு லேசானதுபோல இருந்தது. நான்கு வருடமாகத் தலையில் சுமந்தது மதிலைத்தானோ? அன்று முழுக்க அவள் ஒருமுறைகூட அந்தப் பக்கக் கொடியை எண்ணவில்லை.

மறுநாள் காலை டாங்கி இறங்கியது. ஜௌபர் பாஸ் பெரிய சுத்தியலுடன் ஏணியில் ஏறினார். முதல் அடி விழுவதற்குள், தலைத்துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிஸ்மியா ஓடிவந்தாள்.

“ராத்தா! மதில ஒடைக்கிறீங்களாமே, மெய்யா? அல்ஹம்துலில்லாஹ்! நாலு வருஷமா ஏங்கிட்டுக் கிடந்தன். ஒடைங்க ராத்தா, கையோட ஒடைங்க. கடலப் பாத்துட்டு என்ட ஆக்கள் நாளைக்கு முற்றத்துலயே சாப்பிடலாம்!”

றம்லா தங்கச்சியின் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்கள், அந்தப் பற்கள், அந்தச் சந்தோஷம். கடல் தன்னுடையது. அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் போகிறவர்கள் அவளுடையவர்கள். ஜெர்மன்காரி கதிரையைக் கடல் பக்கம் திருப்பிப் போடுவது கண்ணில் தெரிந்தது. உள்ளே, நேற்று முழுவதும் உறங்கிய ஏதோ ஒன்று எழும்பி உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

“பாஸ், எறங்குங்க.”

“என்ன ராத்தா?”

“எறங்குங்க. மதில் இருக்கட்டும்.”

“ராத்தா, ஒரு நாலு வரியாவது…” நிஸ்மியாவின் குரல் உடைந்தது. “ஒங்கள மண்டாடிக் கேக்கிறன்.”

“இல்ல,” என்றாள் றம்லா. சத்தம் போடவில்லை. கோபமும் காட்டவில்லை. “ஒடைக்க மாட்டன்.”

“அப்ப முட்டுத் தூண்? ரெண்டாவது வீடு?” என்றார் ஜௌபர் பாஸ்.

“தூண் போடுங்க. நல்ல பலமாப் போடுங்க. நான் மௌத்தாகினாலும் மதில் நிக்கணும்.”

நிஸ்மியா தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கக் குலுங்க மதிலைச் சுற்றிக்கொண்டு போனாள். அழட்டும். றம்லா குனிந்து, நான்கு குச்சிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நூலைக் கையில் சுற்றினாள். கொஞ்சம் வலித்தது. ஆனாலும், கடைசியில் ஒருமுறையாவது தங்கச்சியை வென்றுவிட்ட ருசி அந்த வலியைவிட இனிப்பாக இருந்தது.

அப்போது, கை நுழையும் அந்த வெடிப்பினூடாக, மெதுவாகப் பேச வராத றோசமேரியின் குரல் வந்தது:

“சிரிச்சது போதும் நிஸ்மியா நோனா, சொல்லுங்க! ‘ஏத்தாதீங்க’ண்டு சொல்லிச் சொல்லிப் பன்னிரண்டரை அடி ஏத்த வச்ச மாதிரியே, ‘ஒடைங்க’ண்டதும் நிப்பாட்டிட்டாங்களா? அப்ப இந்தச் சோளகத்துக்கும் நம்மட கூரை பறக்காது!”