பூஜ்யத்துக்கு ஒன்று பாக்கி

"இன்னும் ஒரே ஒரு பக்தான். அது முடிஞ்சுதுன்னா அப்புறம் நான் உனக்குத்தான்" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

மனைவி நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவசரமில்லீங்க. நிதானமாவே முடிங்க."

இந்த நிதானம்தான் அவரைக் குத்தியது. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

அவர் பொறுப்பில் இருந்தது ஒரு கம்பைலர். ஆட்கள் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரிகிற மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் மென்பொருள். எங்கெங்கோ இருக்கும் தன்னார்வலர்கள் இணையத்தில் கூடி, காசு வாங்காமல் கட்டியது. அதில் அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. பக், அதாவது பிழை, இருக்கிறதென்று யாராவது புகார் அனுப்பினால் குடைந்து குடைந்து விவரம் கேட்பார். திருத்தத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்துத் தாஜா செய்வார். திருத்தியதும் புகார் அனுப்பியவரிடமே போய், "இப்ப சரியா இருக்கா, பாருங்க" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் புகாரை மூடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் பொழுது விடிவதும் சாய்வதும் இதில்தான்.

மகள் கல்யாணத்திலும் அப்படித்தான் நடந்தது. ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எல்லா போட்டோவுலயும் உங்க வழுக்கை நல்லா விழுந்திருக்குங்க." கல்யாணம் முடியும்வரை, புகார்களுக்குப் போனில் பதில் எழுதக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அன்றைக்கே சத்தியம் செய்துவிட்டார். திறந்திருக்கும் புகார்கள் பூஜ்யமானதும் பொறுப்பைக் குழுவிலிருக்கும் பல் டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டு, மிச்சக் காலமெல்லாம் மனைவிக்கு ஒத்தாசையாக இருப்பது. ஒரே ஒரு புகாரைக்கூடத் திறந்தபடி அடுத்தவர் தலையில் கட்டுவது மட்டும் அவரால் முடியாது.

வெங்காயம் நறுக்கிய அன்று மாலையே அந்தக் கடைசிப் பிழையை மீசை திருத்திவிட்டார். மீசை என்பது குழுவில் அந்தத் தன்னார்வலர் வைத்துக்கொண்ட பெயர். நிஜத்தில் மீசை உண்டா என்று யாரும் பார்த்ததில்லை. எண்ணிக்கை பூஜ்யம். ஒரு வாரம் புதுப் புகார் வராவிட்டால் ஒப்படைப்பு என்று அறிவித்துவிட்டு ஒருங்கிணைப்பாளர் நேரே சமையலறைக்குள் நுழைந்தார்.

மறுநாள் டப்பாக்கள் எல்லாம் அகர வரிசையில் நின்றன.

"என்னங்க, உப்பைக் காணோம்."

"எப்போலேர்ந்து காணோம்?"

"நீங்க அடுக்கினதுலேர்ந்து."

"அப்படிப் பொத்தாம்பொதுவா சொல்லக்கூடாது. கடைசியா எப்ப கையில எடுத்தே? அதுக்கப்புறம் என்னென்ன மாறிச்சு? ஒண்ணு ஒண்ணா சொல்லு."

"அடுப்புல கொதிக்குதுங்க."

"அது தனிப் புகார். வரிசைப்படி வருவோம்."

வரிசைப்படி வருவதற்குள் அடிப்பிடித்துவிட்டது. மனைவி பாத்திரத்தை ஊறப்போட்டாள். அன்று சாயங்காலமே எறும்பு வந்தது.

எறும்பு என்ற பெயரில் குழுவுக்குப் புதிதாக ஓர் ஆசாமி. அனுப்பியது நாலே வரி நிரல். அதைக் கொடுத்ததும் கம்பைலர் குப்புற விழுந்தது. புகார் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளருக்கே உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு மனைவியிடம் போய் நின்றார்.

"மன்னிச்சுக்கோ. புதுசா ஒண்ணு முளைச்சிருக்கு."

"பாவம், அவங்களுக்கு என்ன அவசரமோ. முதல்ல அதைப் பாருங்க" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, மின்விசிறியையும் தட்டிவிட்டுப் போனாள். இப்படி ஒருத்தி அமைய நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று நினைத்தபடி அவர் லேப்டாப்பைத் திறந்தார்.

மீசை அதைத் திருத்தினார். திருத்தியதில் கம்பைலர் வேறோர் இடத்தில் கூட்ட வேண்டியதைக் கழிக்க ஆரம்பித்தது. பல் டாக்டரம்மா அதைப் பிடுங்கி எறிந்தார். அதோடு மீசையின் திருத்தமும் சேர்ந்து போய்விட்டது. "என்னைக் கேக்காம எப்படிக் கை வைக்கலாம்?" என்று மீசை எழுதினார். "சொத்தையைக் கேட்டுட்டா பிடுங்கறோம்?" என்று டாக்டரம்மா எழுதினார். இருவரையும் தனித்தனியாகப் புகழ்ந்து, சேர்த்து உட்கார வைத்து, எறும்பிடம் "சரி" என்று வாங்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுபடி பூஜ்யம். மறுபடி சமையலறை. இந்த முறை குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆளைக் கூப்பிட்டுக்கலாங்க."

"ஆள் எதுக்கு? எந்த வால்வை மூடினா சொட்டு நிக்குதுன்னு ஒவ்வொண்ணா பார்த்தா தானா தெரிஞ்சுடும்."

வீட்டிலிருந்த வால்வுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சொட்டு நிற்கவில்லை. மாடியில்தான் தண்ணீர் நின்றது. மகளோடு மாடியில் குடியிருக்கும் மாப்பிள்ளை தலை நிறைய சோப்பு நுரையோடு இறங்கி வந்தார். சாது. என்ன வேலை பார்க்கிறார் என்பதைப் பெண் பார்க்க வந்த அன்றே சொல்ல ஆரம்பித்தவர்தான். மாமனாரின் கம்பைலர் கதை குறுக்கே வந்ததால் இன்றுவரை சொல்லி முடிக்கவில்லை.

"மாமா, மேல தண்ணி வரல."

"சுடுதண்ணியா, பச்சைத் தண்ணியா?"

"ரெண்டும் வரல மாமா."

"ஆ, இது நல்ல தகவல். வந்ததுக்கு அப்படியே உக்காருங்க மாப்பிள்ளை. எறும்புன்னு ஒருத்தன் வந்திருக்கான். நாலு வரியில ஊரையே கவுத்துடறான். உங்களுக்கு அதெல்லாம் புரியாது, விடுங்க."

"சரிங்க மாமா" என்றார் மாப்பிள்ளை, கண்ணில் சோப்பு எரிய.

இரண்டு நாள் கழித்து எறும்பு மீண்டும் வந்தது. இந்தத் தடவை மூன்றே வரி. மீசை கையை விரித்துவிட்டார். பல் டாக்டரம்மா விடுப்பில் போய்விட்டார். ஒருங்கிணைப்பாளருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. குடும்பத்தோடு நிம்மதியாக இருக்க விடமாட்டான் போலிருக்கிறதே இந்தப் பயல். லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தார்.

"எறும்பு கிடக்குது விடு. பக் திறந்தே இருந்தாலும் பரவாயில்ல. இன்னியோட விலகிக்கிறேன்னு எழுதி வச்சுட்டேன்."

மனைவியின் கை நின்றது. "அனுப்பிட்டீங்களா?"

"குழாயைச் சரி பண்ணிட்டு அனுப்பறேன். இத்தனை வருஷம் உன்னைத் தனியா விட்டுட்டேன். அது பெரிய தப்பு. இனிமே காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் உன் பக்கத்துலயேதான்."

அவள் கண் கலங்கியது. அவருக்கும்தான்.

"பாத்துப் பாத்துக் கட்டிக் காத்ததுங்க" என்றாள் அவள் மெல்ல. "நல்லா யோசிச்சுக்குங்க."

"யோசிச்சாச்சு. எனக்கு நீதான் முக்கியம்."

அவர் ஸ்பேனரோடு பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் புகுந்தார். ஒரு பக்கம் திருகினார். அசையவில்லை. இன்னொரு பக்கம் திருகினார். குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது, வாளி உருண்டது, அகர வரிசையில் பாதி டப்பாக்கள் சரிந்தன. மனைவி "ஐயையோ" என்று போட்ட கூச்சல் மாடிவரை கேட்டிருக்க வேண்டும்.

மாடிப்படியில் தடதடவென்று இறங்கிய காலடிச் சத்தம் பாதியில் நின்றது. அங்கிருந்தே மாப்பிள்ளை குரல் கொடுத்தார்:

"அத்தை, மாமா மறுபடியும் கிச்சனுக்குள்ள வந்துட்டாரா? ஒரு நிமிஷம் சமாளிங்க, எறும்பு பேர்ல இன்னும் பெருசா ஒரு பக் போட்டுட்டு வந்துடறேன்."