தலைகீழாக ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஐம்பத்தெட்டு வயதில் இளைக்கப் புறப்படுகிறவர்கள், உடம்பு நம் பேச்சைக் கேட்கும் என்று நம்புகிறார்கள். என் உடம்பு, ஆபீஸில் எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களைப் போல. (தலையை ஆட்டும், காரியம் நடக்காது.)

"எடையைக் குறைக்காமல் ஆபரேஷனுக்கு என் பக்கமே வராதீர்கள்" என்று முழங்கால் டாக்டர் சொல்லி அனுப்பிய பிறகு கேழ்வரகு, கொள்ளு, வெந்நீரில் எலுமிச்சை எல்லாம் ஆயிற்று. எடை மெஷினில் முள் அசையவில்லை. மெஷின் மேல் சந்தேகப்பட்டு என் கணவரை ஏற்றிப் பார்த்தேன். அவர் இளைத்திருந்தார். அன்று குளியலறையில் போய் அழுதேன்.

மிச்சமிருந்தவை டில்லியில் எங்கள் கிட்வாய் நகர் பூங்காவின் இரும்பு உடற்பயிற்சிக் கருவிகள்தான். ஜனவரிப் பனிமூட்டத்தில் யார் கண்ணிலும் படமாட்டோம் என்று ஒரு ஞாயிறு காலை கிளம்பினேன். எங்கள் மகள் நித்யா விரும்பிய பஞ்சாபிப் பையன் ரோஹித்தின் பெற்றோர் அன்று மாலைதான் முதன்முறையாக வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஒரே காலையில் கொஞ்சம் இளைத்துவிடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

கணவர் நடக்கப் போய்ப் பனியில் மறைந்தார். நான் ஒரு சாய்வுப் பலகையில் ஏறினேன். மேல்நுனிக் கம்பிக்கு அடியில் பாதங்களைச் செருகி, தலை பள்ளத்தில் இருக்கும்படி படுத்து, வயிற்றை இறுக்கி எழுந்திருக்க வேண்டும். படுப்பது வெகு சுலபமாக இருந்தது. எழுந்திருப்பதுதான் நடக்கவில்லை.

பாதத்தை எடுத்தால் தலைகுப்புறச் சறுக்கிச் சேற்றில் விழுவேன். புரளலாமென்றால் பலகையைவிட நான் அகலம். முகத்தில் ரத்தம் இறங்கியது. இப்படியே செத்துப்போனால் எந்த நிலையில் கண்டெடுப்பார்கள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

"ஏங்க!" என்று கூப்பிட்டேன்.

பதிலுக்கு "ஹா! ஹா! ஹா!" என்று பனிக்குள்ளிருந்து ஒரு பெருஞ்சிரிப்பு. டில்லியே என்னைப் பார்த்துச் சிரிப்பதாகத்தான் தோன்றியது. சிரிப்பதையே உடற்பயிற்சியாகச் செய்யும் பெரியவர்கள் கூட்டம் அது என்று அப்புறம்தான் புரிந்தது. முப்பது வருஷமாகப் பேசிய ஹிந்தி முழுக்க தலைகீழாகக் கொட்டிப்போக, தமிழில் கதறினேன்.

"யாராவது என்னைத் தூக்குங்களேன்!"

"வாஹ், பெஹன்ஜி! அவுர் ஜோர் ஸே!" என்றது ஒரு குரல். (இன்னும் பலமாகச் சிரிக்க வேண்டுமாம்.) நான் விம்மி விம்மி அழுதேன். கை தட்டினார்கள்.

கடைசியில் சிவப்பு மஃப்ளர் கட்டிய ஒருவர் நெருங்கி வந்தார். மேலே ஒரு ஜோடி ஷூவையும் கீழே ஒரு முகத்தையும் பார்த்து, "ஹே பகவான்!" என்றார். எல்லோரும் கூடினார்கள். ஸோஃபாவைப் போலப் பக்கவாட்டில் சாய்த்து எடுக்கலாம் என்றார் ஒருவர். அப்படித்தான் எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து என் கணவர் வந்து சேர்ந்தார்.

"அதுக்குள்ள இத்தனை ஃப்ரெண்ட்ஸா?"

அந்தப் பூங்காப் பக்கமே இனி தலைவைத்துப் படுப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

மாலையில் மணி அடித்தது. பட்டுப்புடவையில் போய்க் கதவைத் திறந்தேன். ரோஹித்துக்கும் அவன் அம்மாவுக்கும் நடுவில் சிவப்பு மஃப்ளர். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தன் தலையை நன்றாகச் சாய்த்து, என் முகத்தைத் தலைகீழாக்கிப் பார்த்து, உறுதி செய்துகொண்டார்.

"அரே பெஹன்ஜி, ஆப்!" (அட, நீங்களா!)

காபி வருவதற்குள் முழுக் கதையும் அரங்கேறிவிட்டது. எங்கள் ஸோஃபாவிலேயே மல்லாந்து, கைப்பிடியில் காலை வைத்து நடித்துக் காட்டினார்.

"அம்மா, ப்ளீஸ், அது நீ இல்லன்னு சொல்லு," என்றாள் நித்யா. நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் தமிழில் கத்தியதற்கு என்ன அர்த்தம் என்று ரோஹித் கேட்டான். என் கணவர் அசை அசையாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். இவ்வளவு உற்சாகமாக அவர் நித்யாவுக்குக்கூடத் தமிழ் சொல்லிக்கொடுத்ததில்லை.

கல்யாணம் நடந்தது. எடை குறையவில்லை. முழங்கால் ஆபரேஷன் இன்னும் ஆகவில்லை. ரோஹித்துக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியம் அதுதான். அதைத் தன் மகளுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறான். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் குட்டி என் முன்னால் வந்து இரண்டு கைகளையும் உயர்த்துகிறாள்.

"என்னைத் தூக்குங்களேன்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். என்னால்தான் குனிய முடிவதில்லை. மெல்ல நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, யாராவது அவளைத் தூக்கி என் மடியில் வைப்பார்கள் என்று காத்திருக்கிறேன்.