சுரைக்காய் வழக்கு

உலகத்தில் எந்த முக்காலியும் ஆடாது. மூன்று கால் சாமான் ஆடுவதற்கு வழியே இல்லை. அவர் தன் கையால் செய்த முக்காலி ஆடியது.

அதன் மேல் நுனிக்காலில் நின்று, மதில் சுவருக்கு மேலே கழுத்தை நீட்டிப் பக்கத்து வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தவர், "காய்ச்சிருக்கு! ஓடி வா, காய்ச்சிருக்கு!" என்று கத்தினார்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்த மனைவி, பந்தலை மேலும் கீழும் பார்த்தாள். இலை இருந்தது, பூ இருந்தது. காயைத்தான் காணோம்.

"எங்கங்க?"

"அந்தப் பக்கம்! கை நீளத்துக்குத் தொங்குது சுரைக்காய்!"

"அந்தப் பக்கம் தொங்கினா அது அவங்க வீட்டுக் காய்."

"கொடி நம்மளது!"

"நம்ம அடுப்படிக்கு வந்தாத்தான் நம்ம காய். பேச்சு பேச்சா இருக்கணும், ஆமா." கரண்டி உள்ளே போய்விட்டது.

அது என்ன பேச்சு என்று சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தெருவில் 'தற்சார்பு' என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் வீட்டாரைக் கூட்டிவைத்து, "இனிமே கடைக்காரன் கையை எதிர்பார்த்து நாம வாழப் போறதில்ல. வேண்டியதை நாமளே விளைவிப்போம், நாமளே செஞ்சுக்குவோம். அடுத்தவன்கிட்ட ஒரு துரும்பு வாங்கக் கூடாது" என்று அறிவித்தவர். வீட்டார் என்றால் மனைவி ஒருத்திதான். மகள் கெட்டிக்காரி, முன்கூட்டியே கல்யாணம் பண்ணிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள்.

சோப்பு செய்தார், அழுக்கு போகவில்லை, கைத்தோல் போயிற்று. வெயிலில் வேகவைக்கிற அடுப்பு செய்தார். சாயங்காலம் வரை வைத்தும் முட்டை வேகவில்லை, பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் வாளிதான் உருகிற்று. நாற்காலி செய்தார், அதில் உட்கார்ந்த மைத்துனர் அதற்கப்புறம் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. இதில் ஒன்றுகூடத் தோற்றதாக மனுஷர் ஒத்துக்கொண்டதில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கொல்லை முழுக்க அறுத்த டிரம், உடைந்த கதவு, துருப்பிடித்த குழாய், சைக்கிள் டியூப். எதையாவது தூக்கிப் போடலாம் என்றால், "இரு இரு, ஒரு நாளைக்கு ஆகும்" என்பார். துணி காயப்போட இடமில்லாமல் மனைவி ஈரத்துணியைக் கட்டிலில் விரித்து ஃபேனைப் போட்டுக் காயவைத்தாள். ஈர மெத்தையில் படுத்துச் சளி பிடித்த ஒரு நாள், வெடித்தேவிட்டாள்.

"இந்த மழைக்காலம் வர்றதுக்குள்ள, நீங்க நட்ட செடியிலேருந்து ஒண்ணே ஒண்ணு, ஒரே ஒரு காய் இந்த அடுப்படிக்கு வரட்டும். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன். வரலையோ, பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு அத்தனையும் அள்ளிக் கொடுத்துடுவேன். டிரம்மு, கதவு, முக்காலி, எல்லாம்!"

"முக்காலியுமா?"

"முக்காலிதான் முதல்ல!"

அவர் அதை யுத்தமாகவே எடுத்துக்கொண்டார். சின்ன நீல டிரம் ஒன்றை மதிலோரமாக வைத்து, மண் நிரப்பி, சுரை விதை போட்டு, அதன் மேல் காய்ந்த சருகை முழ உயரத்துக்கு மூடாக்காகப் பரப்பினார். "மூடாக்கைக் கிளறவே கூடாது, மண்ணு மேல வெயில் பட்டா செத்துடும்" என்பது அவர் வேதம். அவரே ஒரு நாளும் விலக்கிப் பார்த்ததில்லை. மீன் கழிவை அழுகவைத்துத் தயாரித்த கரைசலை வேளைக்கு ஒரு வாளி ஊற்றினார். தேங்குகிற தண்ணீர் வடிய, டிரம்முக்குப் பின்னால் மதிலின் அடியில் உளியால் ஓர் ஓட்டையும் கொத்திவிட்டார். ஓட்டை இவர் சுவரில், நாற்றம் அடுத்த வீட்டில். கொஞ்ச நாளில் டிரம்மின் பின்விளிம்பை ஒட்டி ஒரு கொடி தலைகாட்டிப் பந்தலைப் பற்றிக்கொண்டது. அன்றைக்கு அவர் நிஜமாகவே அழுதார். மகளைப் போனில் கூப்பிட்டு, "தாத்தா ஆன மாதிரி இருக்கும்மா" என்றார்.

அந்தக் கொடிதான் இப்போது சுவரேறிக் குதித்து அடுத்த வீட்டில் போய்க் காய்த்திருக்கிறது.

அடுத்த வீட்டில் இருந்தது தையற்காரம்மா. வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைத்துப் பிழைக்கிறவள். அன்று சாயங்காலமே இளம் சுரைக்காய் ஒன்றைச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

"அண்ணா, பிஞ்சா இருக்கு, அக்காகிட்ட கொடுங்க. அப்புறம், அந்தக் கொடி வந்து..."

"அந்தக் கொடியைப் பத்தி நீ எனக்குச் சொல்ல வேணாம்மா! விதை போட்ட நாளா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கறவன் நான்!"

அவர் காயை ஏந்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். மனைவி அதை வாங்கி, நறுக்கி, சட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"இது அவ கொடுத்தது. கணக்குல வராது."

"என் காயை எனக்கே தானமா? இதென்னடி அநியாயம்!"

"உங்க காய்னு யார் சொன்னா? நீங்கதானே சொல்றீங்க."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. இனிமேல் தானம் வாங்குவதில்லை, தானே பறிப்பது என்று முடிவு கட்டினார். திரைச்சீலைக் கம்பியின் முனையில் பழைய அரிவாள்மணையின் அலகைக் கட்டி ஒரு துறட்டி செய்துகொண்டு, முக்காலி மேல் ஏறிச் சுவருக்கு அந்தப்பக்கம் வீசினார். முக்காலி தன் குணத்தைக் காட்டியது. துறட்டி காயை விட்டுவிட்டுத் துணிக்கொடியில் காய்ந்த ஓர் உடுப்பைக் கவ்வியது. பிடித்து இழுத்த வேகத்தில் அது பறந்து வந்து மீன் கரைசல் தொட்டிக்குள் விழுந்தது.

பள்ளிக்கூட நாடகத்துக்காகத் தையற்காரம்மா தைத்திருந்த வெள்ளை கவுன் அது. தேவதை வேஷம். அவர் பதறிப்போய் அதைத் தன் சொந்த சோப்பைப் போட்டுத் துவைத்தார். கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே தேவதையே பூதமானாள்.

தையற்காரம்மா அந்தக் காக்கி நிறத் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். மனைவி தலைகுனிந்து நின்றாள்.

"பரவாயில்லக்கா, ராவோட ராவா வேற தைச்சுடறேன்" என்றவள், அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க இவ்வளவு சிரமப்பட வேணாம். அந்தக் கொடி வந்து..."

"பேச்சை மாத்தாதே! நீ காயை அமுக்கி வச்சிருக்கப் போய்த்தானே நான் துறட்டி எடுக்க வேண்டியதாச்சு!"

செய்த தப்புக்கு மன்னிப்பு கேட்க வேண்டிய வாய் இப்படிப் பேசினால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அவள் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்தது தகரம். கொடி போகிற வழியை அடைத்துவிட்டால் இந்தப் பக்கம் காய்த்துத்தானே ஆக வேண்டும்? மதிலின் மேல் பழைய தகரங்களை நிறுத்திக் கம்பியால் கட்டினார். இவர் கொல்லை இருண்டு போயிற்று. கொடிக்கு இவரைவிட அறிவு இருந்தது. வெயில் எங்கே என்று பார்த்துத் தகரத்தின் மேலும் ஏறி அந்தப் பக்கம் குதித்து, முன்னைக்கு இரட்டிப்பாகக் காய்த்துத் தள்ளியது. பெருங்காற்று அடித்த ஒரு நாள் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு போய்த் தெருச் சங்கத் தலைவர் வீட்டு வாசலில் விழுந்தது.

சங்கத் தலைவர் சண்டை என்றால் தெருவையே சுற்றிக்கொண்டு போகிற ஆள். அதனால்தான் அவரைத் தலைவராக்கி இருந்தார்கள். அவரே தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"சார், இது உங்களுதுதானே? தலைக்கு வந்தது பூந்தொட்டியோட போச்சு..."

"நல்ல வேளை நீங்களே வந்தீங்க! ஒரு திருட்டு வழக்கு இருக்கு, விசாரிக்கணும்!"

தகரத்துக்கு நியாயம் கேட்க வந்த மனுஷர் சுரைக்காய்க்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் பஞ்சாயத்து கூடியது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மனைவி சொன்ன சொல் தவறாதவள். பழைய இரும்புக்காரரும் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, கதவையும் குழாயையும் கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டிருந்தார். தெருவில் வேறு வேலை இல்லாதவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். முக்காலி காலியாக இருந்தும் யாரும் உட்காரவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அக்கம்பக்கத்துல இருக்கறவங்க. ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டா என்ன?"

"எனக்குச் சம்மதம்" என்றாள் தையற்காரம்மா உடனே.

தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதோடு எழுந்து போயிருந்தால் எல்லாருக்கும் நல்லது.

"எனக்குச் சம்மதம் இல்ல!" என்றார் தற்சார்பு. பாதி வந்தால் அது பங்குக் காய், மனைவியின் கணக்கில் ஏறாது. முக்காலி, டிரம், கதவு எல்லாம் வண்டி ஏறிவிடும். "சார், பிச்சையும் வேணாம், பங்கும் வேணாம். நியாயம் வேணும். ஒரே விதிதான். வேர் யார் வீட்டுல இருக்கோ, கொடி, இலை, பூ, காய் எல்லாம் அவங்களுக்கே!"

"முழுசுமா?"

"முழுசும். இதுவரைக்கும் பறிச்ச காய்க்கும் சேத்து! வேர் இல்லாதவங்க தின்ன காய்க்கெல்லாம் பதில் சொல்லணும்!"

தலைவர் சங்கடமாகத் தையற்காரம்மாவைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"அண்ணா யோசிச்சுத்தான் சொல்றாரா?"

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்!"

"தண்ணி ஊத்தினது அவருதான், அதை நான் இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதனாலதான் பாதிக்கு ஒத்துக்கிட்டேன்."

"பாத்தீங்களா, அவங்க வாயாலேயே வந்துடுச்சு!"

"சரி" என்றாள் அவள். கவுன் ஞாபகம் வந்ததோ என்னவோ, லேசாகச் சிரித்தாள். "வேர் யார் வீட்டுல இருக்கோ, அவங்களுக்கே முழுசும். நானும் ஒத்துக்கறேன்."

அதைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் ஆச்சு என்று தற்சார்பு ஒற்றைக்காலில் நின்றார். தலைவர் போட்டார். கட்டைவிரல்கள் மளமளவென்று வந்து விழுந்தன. வெளியூரிலிருந்து மகள்கூட ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். தையற்காரம்மா வீட்டுக்குள் போய், அன்றைக்குப் பறித்து வைத்திருந்த சுரைக்காய்களை ஒரு கூடையோடு கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"சட்டப்படி யாருக்குச் சேரணுமோ, அவங்க எடுத்துக்கட்டும்."

அவர் அதில் பெரிய காயாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, பரிசுக் கோப்பையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி மனைவிக்குக் காட்டினார். "என்ன சொல்றே இப்போ? கணக்குல வருமா, வராதா?"

கட்டிலில் ஈரத்துணி விரித்தே காலம் போகப்போகிறது என்று மனைவியின் முகம் வாடிவிட்டது. "வரும்" என்று முணுமுணுத்தாள்.

"ஏட்டுச் சுரைக்காய்னு என்னைக் கேலி பண்ணின ஊரு! எல்லாரும் நல்லா பாத்துக்கங்க! மனுஷன்னா சொந்தக் கால்ல நிக்கணும். அடுத்தவன் உழைப்புல ஒரு பிஞ்சு தின்னாலும் அது உடம்புல ஒட்டாது!" சொல்லிவிட்டுப் பழைய இரும்புக்காரரைப் பார்த்துக் கையை வீசினார். "நீ வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போய்யா! இங்க உனக்கு ஒரு ஆணிகூடக் கிடையாது!"

இரும்புக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவரும் பாவம், ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு வந்தவர்.

"இரு இரு, வந்தது வந்துட்டே. ஒரு கை பிடி. இந்த டிரம்மைச் செடியோட தூக்கி முன்வாசல்ல வெயிலுக்கு வச்சுடலாம். இனிமே ஒரு பிஞ்சுகூட அந்தப் பக்கம் போகக் கூடாது. வேர் பெருசா இறங்கியிருக்கும், ரொம்பக் கனக்கும், பாத்து!"

"அண்ணா, வேணாம்" என்றாள் தையற்காரம்மா. அவளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

"நீ சும்மா இரும்மா! தீர்ப்பு ஆயிடுச்சு!"

இரும்புக்காரர் குனிந்து, டிரம்மை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, மூச்சை அடக்கி ஒரே தூக்காகத் தூக்கினார். டிரம் சரிந்ததில் சருகு மூடாக்கு மொத்தமும் கொட்டிப்போய் வெறும் மண் தெரிந்தது. பந்தலில் ஓர் இலைகூட அசையவில்லை. இரும்புக்காரர் டிரம்மை நெஞ்சோடு அணைத்தபடி மதிலின் அடியை எட்டிப் பார்த்தார்.

"சார், டிரம்மு கையோட வந்துடுச்சு, கொடி வரலையே... அது அந்தம்மா வீட்டுலேருந்துல்ல உங்க ஓட்டை வழியா வருது! அப்போ இதை வண்டியிலேயே ஏத்திடட்டுமா?"