உறக்கம் பிடித்த மடிக்கணினி

ஒரு மடிக்கணினியின் மூடி கழன்று தொங்குவது உலக வரலாற்றைப் புரட்டிப்போடும் நிகழ்ச்சி அன்று. குடிநீர்க் குறைதீர் அலுவலகத்தின் மூன்றாம் மேஜையிலும் அது சாதாரணமாகத்தான் தொங்கியது.

அந்த அலுவலகத்தில் மனிதருக்கு மேஜையின் எண்ணே பெயர். மூன்றாம் மேஜை ஒரு பெண். வேலை தெரிந்தவள், அந்தக் குற்றத்திற்காக எல்லா வேலையும் அவளிடமே வந்து சேர்ந்தது. அப்படி வந்து சேர்ந்ததுதான் அவள் சொந்தத் தெருவின் ஆணையும். தெருக்குழாயில் பல வாரங்களாகக் காற்று மட்டும் தங்குதடையின்றி வந்துகொண்டிருந்தது. புதுக்குழாய் பதிக்க ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆணையை இணையத்தில் ஏற்றவேண்டியதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஏற்றாவிட்டால் ஒப்புதல் காலாவதியாகும்; தெரு மீண்டும் வரிசையின் வாலுக்குப் போகும்.

"தண்ணி ஆபீஸே நம்ம தெருவுலதான் குடியிருக்குன்னு பேரு," என்றாள் எதிர்வீட்டு அத்தை, காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றியபடி. "உன்னை நம்பின நேரத்துக்கு ஒரு கிணறு வெட்டியிருக்கலாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுறேன் அத்தை."

"அது சரி. எந்த வெள்ளிக்கிழமைன்னு சொல்லலையே."

மூடி தொங்கிய மடிக்கணினி பழுதுபார்ப்புப் பிரிவுக்குச் சென்றது. அது அங்கே ஓய்வெடுத்துக்கொண்டிருந்த இடைவெளியில் அலுவலகத்தில் ஒரு புதுயுகம் பிறந்தது. பயிற்சி முகாமுக்குப் போய்வந்த இயக்குநர் கையில் பளபளவென்று ஒரு காந்த வளையத்தோடு திரும்பினார். அதை அணிந்தால் இரத்தத்திலுள்ள இரும்பு ஒழுங்காக அணிவகுத்து நிற்குமாம், மந்தம் அகலுமாம், பணியாளரின் உள்ளத்தில் பொறுப்புணர்ச்சி ஊற்றெடுக்குமாம். குழாயில் ஊறாதது உள்ளத்திலாவது ஊறட்டுமே என்று எவரும் மறுக்கவில்லை. சுற்றறிக்கை வந்தது: 'அலுவல் நேரத்தில் அனைவரும் வளையம் அணிதல் வேண்டும். வளையம் உள்ள இடத்தில் பணியாளர் உள்ளதாகவும், வளையம் இல்லாதவர் பணிக்கு வராதவராகவும் கருதப்படும்.' வருகைப் பதிவேடு அன்றே பரணேறியது.

விலக்குப் பெற்றவர் ஒருவரே: பழுதுபார்ப்புப் பொறியாளர். எந்த நோய்க்கும் ஒரே மருந்து எழுதித் தருபவராதலால் அவருக்கு ரீஸ்டார்ட் என்று பெயர். வளையம் அணிந்த முதல் நாளே மேஜையிலிருந்த திருகாணிகள் எல்லாம் தாயைக் கண்ட குஞ்சுகளாய் அவர் மணிக்கட்டில் தொற்றிக்கொண்டன. ஆகவே அவர் அறைக்குள் வளையம் நுழையலாகாது என்று தனி உத்தரவு; வருவோர் அதைக் கழற்றி வாசல் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

மடிக்கணினி திரும்பி வந்தது. மூடி கல்லுப்போல் நின்றது. அவள் கைகளை வைத்துத் தட்டத் தொடங்கினாள். இரண்டு வரி ஓடியதும் திரை இருண்டது. கையை எடுத்தாள், கண் விழித்துக் கடவுச்சொல் கேட்டது. கொடுத்துக் கையை வைத்தாள். மறுபடி உறங்கிற்று. பிள்ளையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல் ஆயிற்று வேலை.

தூக்கிக்கொண்டு ரீஸ்டார்ட்டிடம் ஓடினாள். வாசல் தட்டில் வளையத்தை வைத்தாள். உள்ளே போய்த் தட்டினாள். கணினி கொட்டக் கொட்ட விழித்திருந்தது.

"பாருங்க, எவ்வளவு சமத்தா இருக்கு," என்றார் ரீஸ்டார்ட்.

"என் மேஜைல தூங்குது சார். சரிபண்றதுக்கு முன்னாடி தூங்கலை."

"மூடியைத்தானே சரிபண்ணச் சொன்னீங்க? மூடி நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப எங்க வேலை முடிஞ்சுது. இங்க முழிச்சிருக்கு, உங்ககிட்ட வந்தா தூங்குது. குறை மிஷின்ல இல்லை."

"என்கிட்டயா?"

"நான் அப்படிச் சொல்வேனா? ரிப்போர்ட்ல எழுதுவேன், அவ்வளவுதான்."

வெளியே வந்து வளையத்தைப் பூட்டிக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள். கணினி உறங்கிற்று. இப்படியே வாரம் நடந்தது. வைத்தியர் வீட்டு வாசலில் மட்டும் வயிற்றுவலி நின்றுவிடும் நோயாளியை யார் நம்புவார்கள்?

இறுதியில் இயக்குநரே நேரில் எழுந்தருளினார். வளையக் கையை விசைகளின்மேல் வைத்தார். உறங்கிற்று. தம் அறைக்குப் போய், வெகுநாள்களாகத் திறவாதிருந்த சொந்தக் கணினியைத் திறந்து கையை வைத்தார். அதுவும் உறங்கிற்று. அலுவலகம் முழுவதும் சோதித்தார்கள். அத்தனை மடிக்கணினிகளும் உறங்கின. பல நாள்களாகவே உறங்கிக்கொண்டிருந்தன; புகார் சொல்லவேண்டியவர்கள் மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்ததால் செய்தி வெளிவரவில்லை.

இயக்குநர் சிந்தித்தார். சிந்திப்பதன் ஆபத்துக்கும் அவர் அஞ்சவில்லை.

"இது தொற்று. உங்க மிஷின்லேருந்து எல்லாத்துக்கும் பரவியிருக்கு."

"சார், அது எதையும் தொடவே இல்லையே."

"தொற்றுன்னா அப்படித்தான் இருக்கும்."

மூன்றாம் மேஜையின் கணினியைத் தட்டுமுட்டு அறையில் தனிமைப்படுத்த உத்தரவாயிற்று. கூடவே அவளையும். கால் ஒடிந்த நாற்காலிகளுக்கு நடுவே, வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், ஆணையின் முதல் பத்தியை எத்தனையாவது முறையோ அவள் தட்டிக்கொண்டிருந்தாள். திரை இருண்டது. அலுத்துப்போய் எழுந்து இரும்பு பீரோவில் கையை ஊன்றினாள். 'டக்'கென்று வளையம் பீரோவைக் கவ்விக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. கையை மட்டும் உருவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, கடவுச்சொல்லைக் கொடுத்துத் தட்டினாள்.

ஒரு பத்தி முடிந்தது. திரை விழித்திருந்தது. இரண்டாம் பத்தியும் முடிந்தது.

அவள் பீரோவைப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள். இரு கையாலும் வளையத்தைப் பிடுங்கிக் கணினியின் ஓரத்தில் வைத்தாள், உறங்கிற்று. எடுத்தாள், விழித்தது. ரீஸ்டார்ட்டைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஆமா," என்றார் அவர் அமைதியாக. "மூடியோட ஓரத்துல குட்டியா ஒரு காந்தம் இருக்கும். அது கீழ வந்தா, மூடிட்டாங்கன்னு நினைச்சு மிஷின் தூங்கும். உங்க வளையம் கிட்ட வந்தாலும் அப்படித்தானே நினைக்கும்?"

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"காந்தம்னா தெரியும். அதனாலதானே வாசல்லயே கழட்டச் சொல்றோம்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே சார்."

"ஸ்க்ரூ ஒட்டும்னுதான் உத்தரவு இருக்கு. மிஷின் தூங்கும்னு அதுல இல்லையே."

அவள் இயக்குநரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வளையத்தைக் கழட்டினா நீங்க வரலைன்னு அர்த்தம். வராதவங்க எப்படிம்மா வேலை செய்வீங்க?"

"போட்டுக்கிட்டா வேலை செய்ய முடியலையே சார்."

"ஆனா வந்திருப்பீங்க இல்ல?"

இதற்கு மேல் பேசுவது கல்லில் நார் உரிப்பது. அவள் தட்டுமுட்டு அறைக்குத் திரும்பினாள். வளையத்தைப் பீரோவின் நெற்றியில் ஒட்டினாள். மாலை மணி அடிக்குமுன் ஆணையை ஏற்றி முடித்தாள். அன்று வீட்டுக்கு நடந்தபோது அவள் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை குறிப்பாணை வந்தது. வெள்ளிக்கிழமைப் பிற்பகல் மூன்றாம் மேஜையின் கையில் வளையம் இல்லாததால் அவர் பணிக்கு வரவில்லை எனக் கொள்ளப்படுகிறது. வராதவர் ஏற்றிய ஆணை செல்லாது. விதி விதிதானே. பீரோவின்மேல் வளையம் இருந்தமையால், பீரோ அன்று மாலைவரை கடமையில் இருந்ததாகப் பதிவாயிற்று. அதன் நடத்தையில் குறை ஏதும் காணப்படவில்லை.

அதே நாளில் தலைமையகத்திலிருந்து பாராட்டும் வந்தது. வளையம் அணியத் தொடங்கியபின் அந்த அலுவலகத்தில் பதிவான குடிநீர்ப் புகார்கள் படிப்படியாகக் குறைந்து, ஒன்றுமில்லை என்னும் உன்னத நிலையை எட்டியிருந்தன. உறங்கும் கணினியில் புகாரை யார் பதிவது என்று தலைமையகம் கேட்கவில்லை. அங்கும் வளையம் வந்துவிட்டிருக்கக்கூடும். தொலைக்காட்சிச் செய்தியில் இயக்குநர் மணிக்கட்டை உயர்த்திச் சிரித்தார்.

மாலையில் அவள் தெருவுக்குள் தலைகுனிந்து நுழைந்தாள். குழாயடியில் காலிக் குடங்களுக்குக் காவலாக அத்தை நின்றிருந்தாள்.

"அத்தை, அந்த ஆணை வந்து..."

"அது கிடக்கட்டும். உங்க ஆபீஸ்ல ஏதோ வளையமாமே. போட்டுக்கிட்டா குறையே இல்லாமப் போயிடுதாம். நியூஸ்ல காட்டினான். நம்ம தெருவுக்கு மொத்தமா வாங்கித் தர முடியுமா?"

"ஆணை செல்லாதுன்னுட்டாங்க அத்தை. நம்ம குழாய் மறுபடி வரிசைல கடைசி."

"தண்ணி எங்கடி போயிடப் போகுது? வளையம்தான் சீக்கிரம் தீர்ந்துடுமாம்."

மூன்றாம் மேஜை தன் வளையத்தைக் கழற்றி நீட்டினாள். அத்தை போட்டுக்கொண்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். ஒருத்தி தொட்டுக்கூடப் பார்த்தாள்.

"இப்பவே ஒரு தெம்பு வருது," என்றபடி அத்தை இரும்புக் குழாயின்மேல் சாய்ந்தாள்.

'டக்'கென்று ஒட்டிக்கொண்டது வளையம்.

பல வாரங்களுக்குப் பிறகு, விதிப்படி, குழாய் பணிக்கு வந்துவிட்டது.