செவியர் படுத்துப் பார்த்த தொட்டி

அன்று உரும்பிராயில் பூட்டிக் கிடந்த அந்த வீட்டில் இருந்தவர்கள் மூவர்: எங்கள் பள்ளிக்கூட அதிபர், புதிதாகச் சேர்ந்த விஞ்ஞான வாத்தியாரான நான், செவியர். இல்லாதவர் வீட்டுக்காரர். எண்பத்தாறில் திறப்பை அதிபரிடம் கொடுத்துவிட்டுக் கனடா போனவர், ஒரு கடிதம் போட்டிருந்தார்: "ஹோலுக்கை நிக்கிற மீன் தொட்டி நல்லதெண்டால் இரண்டாயிரம் தாங்கோ. பழுதெண்டால் எறியுங்கோ."

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் கசியக்கூடிய எந்த வெடிப்பும் செவியருக்குத் தப்பியதில்லை. தொண்டைமானாற்றில் பைபர் வள்ளம் கட்டுகிறவர். இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதை வள்ளத்தில் வைத்தால் அது எந்த மாதம் தாழும் என்று சொல்லுவார். ஒரு கல்யாண வீட்டில் வெறும் பாயாசக் கிடாரத்தில் காதை வைத்து, "மூண்டாம் பந்திக்கு ஒழுகும்" என்றாராம். மூன்றாம் பந்திக்குப் பாயாசம் இல்லை.

தொட்டி அக்ரிலிக். பார்வைக்குக் கண்ணாடி; ஆனால் ஒட்டிச் செய்த பிளாஸ்ரிக். ஆறடி நீளம், நிரப்பினால் ஒரு தொன் தண்ணீர். பள்ளிக்கூடக் கண்காட்சியில் வைத்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். யோசனை என்னுடையது. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்தவன் நான். படித்ததை எங்காவது காட்டவேண்டுமே!

சன்னல்கள் மாதக்கணக்காய்த் திறக்கப்படவில்லை. வெள்ளைத் துணி போர்த்த கதிரைகளில் யாரோ இருந்து எங்களைப் பார்ப்பதுபோல் இருந்தது. செவியர் விளிம்புகளைத் தட்டினார். நூல் பிடித்து வளைவு பார்த்தார். பிறகு சேட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கி, கைகளை நெஞ்சில் கோத்து, கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார்.

"என்ன ஐசே, பெட்டிக்குள்ளை கிடத்தின மாதிரி! எழும்பி வாரும்" என்றார் அதிபர்.

"கதையாதேங்கோ சேர். தொட்டி கதைக்குது." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்னவாம்?"

"நோகுதாம்."

நான் சிரித்தேன். அப்போது 'டிக்' என்றது. யாரும் தொடவில்லை. மறுபடியும் 'டிக்'. என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

செவியர் எழுந்து விளிம்பில் ரோச் லைற்றைச் சாய்த்து அடித்தார். ஒட்டு நெடுகிலும் சிலந்தி நூல்போல ஆயிரம் கீறல்கள். "புதுசு சேர். நேத்துப் பிறந்தது" என்றார். மூலையில் மூக்கை வைத்து மணந்தார். என்னைப் பார்த்தார்.

"ஆராலை?" என்றார் அதிபர்.

"வெய்யிலாலை சேர்."

அந்த இருட்டு வீட்டில் வெய்யில்! அதிபர் தலையாட்டினார். எனக்கு வியர்த்தது. முதல்நாள் நான்தான் தனியாக வந்து, பளபளக்கட்டும் என்று பள்ளிக்கூட லாபிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டால் தொட்டியைத் துடைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் செவியர் என் காதோடு சொன்னார்: "உந்தச் சாமானுக்கு ஸ்பிரிட் ஆகாது, தம்பி. எனக்குந்தான் சாராயம் ஆகாது. ஆனா நான் வெடிக்கிறேல்லை."

அதிபருக்கோ ஆசை விடவில்லை. "காதை நம்பி எறியேலாது. நிரப்பிப் பாப்பம்" என்றார். தொட்டியை முற்றத்துக்குத் தூக்கி, பக்கத்துத் தோட்டத்து இறைப்பு மெசினால் தண்ணீர் விட்டோம். செவியர் தினமும் பஸ் ஏறி வந்து காதை வைத்தார். "கிட்டப் போகாதேங்கோ" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் மத்தியானம் 'டொம்' என்றது.

அந்தச் சண்டைக் காலத்தில் அப்படியொரு சத்தம் கேட்டால் என்ன செய்வோமோ அதை ஒழுங்கைத் தெரு முழுவதும் செய்தது. சைக்கிளில் போனவர், மீன் விற்றவர், நான், எல்லோரும் குப்புற விழுந்தோம். செவியர் மட்டும் கணுக்கால் தண்ணீரில் நின்றார்.

வாழைகளுக்குள் கிடந்த அதிபர் தலை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஆற்றை குண்டு ஐசே?"

"எங்கடைதான் சேர். எழும்புங்கோ."

முன்பலகை பத்தடி பறந்து மூன்று வாழைக்குட்டிகளை முறித்திருந்தது. முறிந்த உயரத்தைப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கழுத்து உயரம்.

அதிபர் இதை வாசித்தால் இன்றைக்காவது அறிந்துகொள்ளட்டும்: அது வெய்யில் இல்லை சேர், நான்தான். செவியர் இன்றுவரை வெய்யில் என்றே சொல்லி வருகிறார். எதையாவது துடைக்கப்போனால், முதலில் அதில் காதை வைக்கிறேன்; அவர் உள்ளே படுத்திருப்பதுபோல் இருக்கும்.

கூலி அவர் வாங்கவில்லை. மெசினுக்கு மண்ணெண்ணெய், அவருடைய மூன்று நாள் பஸ் காசு, எல்லாமாக, இரண்டாயிரத்துக்குப் பதில் எங்களுக்கு ஆனது முப்பத்தொரு ரூபாய்.