மாமரத்தடியில் ஒரு வயல்

புல் வளர்க்கப் போய் மானம் போனவர்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் என் பெயர்தான் முதலில் வரும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிழை என்னுடையதில்லை, மாமரத்துடையது. இதை எந்தக் கோயிலில் கேட்டாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன்.

செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு மாமரம், இரண்டு பலாமரம். உச்சி வெயிலுக்கும் அங்கே அனுமதியில்லை. அந்த நேரம்தான் தங்கை சுகந்திக்குச் சம்பந்தம் வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் பெண்ணோடு வளவையும் ஒரு சுற்றுப் பார்ப்பார்கள். சுகந்திக்கு மாப்பிள்ளையை நன்றாகப் பிடித்திருந்தது. காரியம் கெடக்கூடாது என்று மூன்று தரம் சொன்னாள். (மூன்று தரமும் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.)

"மணலக் கூட்டிவிட்டாக் காணும் மனே. வளவில புல்லு நிண்டா ஆளில்லாத வீடு எண்டுதான் சொல்லுவாங்க" என்றார் அம்மா.

நான் அப்போது புளியந்தீவில் ஒரு கந்தோரில் கிளார்க். மேலதிகாரி வீட்டுப் புல்தரையைப் பார்த்து வைத்திருந்தவன், கேட்பேனா? புல் வாங்கிப் பதித்தேன். எட்டு நாளில் மஞ்சளாகிப் படுத்துவிட்டது.

"நிழல்ல புல்லு வராதண்ணா."

"வரும். நீ பேசாம இரு."

நவராத்திரிக்குக் கும்பத்தைச் சுற்றி விதைக்கும் நெல், சாமியறை இருட்டிலேயே முளைக்கிறதே. அறைக்குள் வருவது மரத்தடியில் வராதா? விதைநெல்லை ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, முளை கண்டதும் பின்வளவு முழுக்க வீசினேன். பத்தாம் நாள் பச்சைப் பசேல். அம்மா கூட்ட எடுத்த விளக்குமாற்றைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். அந்த ஒரு காட்சிக்காகவே இன்னொரு தரம் விதைக்கலாம்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று பச்சைக்கு நடுவே உட்காரக் கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தேன். மாப்பிள்ளையின் தகப்பன் ஊரறிந்த போடியார், பெரிய வயல்காரர். ஓரத்துக்கு வந்ததும் நின்றார். குனிந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். பின்னால் வந்த ஏழு பேரும் கழற்றினார்கள். ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை.

"தம்பி, இது நெல்லெல்லோ?"

"ஓம் மாமா. புல்லு மாதிரித்தான்."

"பயிருக்கு மேல கதிரையப் போட்டிரிக்கிறீங்க." அம்மாவிடம் திரும்பினார். "நெல்ல மிதிச்சு நல்ல காரியம் பேச ஏலாது தங்கச்சி. நாங்க வாறம்."

 குசினி ஜன்னலில் சுகந்தியின் முகத்தைப் பார்த்தேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ வெறுங்காலோடு வெளியே வந்தாள்.

"மாமா, இது அண்ணன்ட நாத்துமேடை. இண்டைக்குப் பிடுங்கி நடத்தான் இரிக்கம். கதிரை சும்மா கிடக்கு."

சொல்லிவிட்டு, கட்டியிருந்த பட்டுச் சேலையோடு குந்தியிருந்து பிடுங்கத் தொடங்கினாள்.  போடியார் செருப்பைக் கீழே வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் குந்தினார். அரை மணித்தியாலத்தில் பின்வளவு வெறும் மணல். அம்மா முதலிலேயே கேட்டது அதைத்தான்.

"என்ட ஆயுசில மரத்துக்குக் கீழ நாத்துமேடை காணல்ல" என்றார் போடியார், மண் ஒட்டிய கையோடு கதிரையில் உட்கார்ந்து. "ஆனா இப்பிடி ஒரு அண்ணனையே விட்டுக்குடுக்காத புள்ள, என்ட மகன விட்டுக்குடுக்குமா? நாளப் பாருங்க."

இப்போது அந்த வீடு சுகந்தியுடையது. மரத்தடி ஈரத்தில் வல்லாரை தானாகப் படர்ந்திருக்கிறது. போடியார் வரும்போதெல்லாம் வல்லாரைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "மருமகன், இந்தப் போகம் எத்தின மூடை?" என்று என்னைக் கேட்பார். வீடே சிரிக்கும். சிரிக்கட்டும். நெல் முளைத்ததா இல்லையா? 

என் மனைவியின் வளவிலும் ஒரு பலாமரம் நிற்கிறது. நேற்று ஒரு சுண்டு நெல் ஊறப்போட்டிருக்கிறேன்.